காசில்லாத குறையல்ல

நம் சினிமாவில் விஞ்ஞானக் கதையும் மாயக் கதையும் உருப்படாமல் போவதற்குக் காரணம் பணமில்லாததுதான் என்று நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். ஹாலிவுட்காரன் ஒரு படத்துக்குக் கொட்டுவதில் பத்தில் ஒரு பங்கு நமக்குக் கிடைத்தால் நாமும் காட்டிவிடுவோம் என்பது பேச்சின் சாரம். கை தட்டினார்கள். தட்டியவர்களில் மூன்று பேர் கவிஞர்கள், அதுதான் எனக்கு உறுத்தியது. கூட்டம் முடிந்து டீக்கடையில் அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்வார். எனக்கு அவருடைய நட்பு வேண்டும்தான், ஆனால் இந்தப் பொய் ஊரெல்லாம் உண்மையாக நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பண விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1962-இல் கிறிஸ் மார்க்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 'லா ழெத்தே' என்று ஒரு படம் எடுத்தார். 28 நிமிஷம் ஓடும். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துபோய், மிஞ்சியவர்கள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். ஒரு கைதியைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பிப் பரிசோதனை செய்கிறார்கள். இந்த மாதிரிக் கதைக்கு நம் நண்பர் எத்தனை கோடி கேட்பாரோ தெரியாது. மார்க்கர் ஸ்டில் போட்டோக்களை அடுக்கியே கதையைச் சொல்லிவிட்டார். படம் அசைவதே இல்லை. ஒரே ஓர் இடத்தில், படுத்திருக்கிற பெண் கண்ணைத் திறக்கிறாள். அங்கே மட்டும், சில கணங்களுக்கு, படம் அசைகிறது. அந்தச் சில கணங்களில் அந்தக் கைதி ஏன் அந்தக் காலத்துக்கே திரும்பிப் போகத் துடிக்கிறான் என்பது விளங்கிவிடுகிறது. சிறுவனாக இருந்தபோது விமான நிலையத்தில் ஒரு மனிதன் செத்து விழுவதைப் பார்த்திருக்கிறான். அந்த மனிதன் யார் என்பது கடைசியில் தெரிகிறபோது, காலப் பயணம் என்ற விஷயத்துக்கே ஒரு துக்கம் வந்துவிடுகிறது.

பணம் கிடைத்தவர் கதையும் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் 1977-இல் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்கலங்கள் அழுக்கேறி, நசுங்கி, ஓட்டை லாரி மாதிரி இருந்தன. இரண்டு இயந்திர மனிதர்களைக் கதாநாயகன் வீட்டார் பழைய சாமான் வியாபாரிகளிடம் பார்த்துப் பொறுக்கி வாங்குகிறார்கள், மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி. (படமே சிறுபிள்ளைத்தனம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அந்த வியாபாரத்தில் ஓர் உலகம் இருக்கிறது.) 'சக்தி' என்று ஏதோ ஒன்று உண்டென்று ஒரு கிழவர் நாலு வார்த்தை சொன்னார், நாம் நம்பினோம். 22 வருஷம் கழித்து, 1999-இல், வேண்டிய பணமும் வேண்டிய கம்ப்யூட்டர்களும் கையில் இருக்க, அதே லூகாஸ் 'த பாண்டம் மெனஸ்' எடுத்தார். அதில் ஒரு பையனின் ரத்தத்தைச் சோதித்து, அந்தச் சக்தி அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். லாபரட்டரியில் சர்க்கரை அளவு சொல்கிற மாதிரி. அந்தக் கணத்தில் அந்தச் சக்தி செத்துப்போயிற்று. எத்தனை கோடி கொட்டினாலும் அதற்கு உயிர் வராது.

அப்படியானால் எதுதான் குறை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாயக் கதை நம்மிடம் ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. நாம் ஏற்றுக்கொள்கிறோம், டிக்கெட் வாங்கும்போதே ஏற்றுக்கொண்டாயிற்று. 'இதெல்லாம் நடக்குமா' என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரசிகன் விமர்சகர்கள் ஜோடித்த ஆள். ஆனால் நாம் ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து படம் நமக்குக் கடன்பட்டிருக்கிறது. நான் பாங்க்கில் குப்பை கொட்டுகிறவன், அந்த பாஷையில்தான் யோசிக்க வருகிறது. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் சாயங்காலம் கணக்கு நேராகாது, வீட்டுக்குப் போக முடியாது. மாயக் கதையில் அந்த அசாத்தியமான ஒன்று யாராவது ஒருவரின் உடம்பில், வீட்டில், தூக்கத்தில் போய் விழ வேண்டும். யாராவது அதற்கு விலை கொடுக்க வேண்டும். கதாபாத்திரத்துக்கு அது நிபந்தனையாக வந்தால் படம் பிழைக்கிறது. சலுகையாக வந்தால், என்னதான் ஜோடனை செய்தாலும், தேறுவதில்லை.

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸொலாரிஸ்' (1972) படத்தில் ஒரு கத்தரிக்கோல் வருகிறது. தூரத்துக் கிரகம் ஒன்றில் உயிருள்ள கடல். அதன் மேல் மிதக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கு கெல்வின் என்கிற மனோதத்துவ நிபுணன் போகிறான். தூங்கி எழுந்தால், பல வருஷங்களுக்கு முன்னால் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி ஹாரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கடல் அவன் நினைவிலிருந்து அவளைச் செய்து அனுப்பியிருக்கிறது. அவள் உடையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. முதுகுப்புறம் நாடாக்கள் இருக்கின்றன, ஆனால் பிரிக்கத் திறப்பே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டுகிறான். அவ்வளவுதான் காட்சி. அவளுடைய உடை அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை அவள் எப்படிப் போட்டாள், எப்படிக் கழற்றினாள் என்பது ஞாபகத்தில் இல்லை. செத்துப்போன மனைவியைப் பற்றி ஒரு புருஷனுக்குத் தெரியாமல் போனது எல்லாம் அந்தத் திறப்பில்லாத முதுகில் இருக்கிறது. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு தையற்காரர் கூலி.

பயந்துபோய் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அவள் திரும்ப வருகிறாள், முன்னால் வந்தது தெரியாமல். சால்வையை எடுத்து நாற்காலியில் போடுகிறாள். முந்தியவளின் சால்வை அங்கே ஏற்கெனவே கிடக்கிறது. இரண்டும் ஒன்று போலவே. தார்க்கோவ்ஸ்கி அதைப் பெரிதுபடுத்துவதில்லை, பின்னணியில் சங்கீதம் முழங்குவதில்லை. போகப்போக அவளுக்கே தெரிந்துவிடுகிறது, தான் உண்மையான ஹாரி இல்லையென்று. திரவ ஆக்ஸிஜனைக் குடித்துச் சாகப் பார்க்கிறாள். உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகிறது. நம்மூர்ப் படத்தில் சாகாவரம் என்றால் நாயகன் ஆற்றைத் தாண்டிக் குதிப்பான். இங்கே அது ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டின கல்.

மூல நாவலை எழுதிய ஸ்டானிஸ்லாவ் லெம்முக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. ஸொலாரிஸை எடுக்காமல் தாஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுத்து வைத்திருக்கிறார் என்று குறைப்பட்டார். லெம் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்குக் கடல்தான் முக்கியம், மனிதனால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியாத ஒன்று. ஆனால் புரியாத அந்தக் கடல் திரையில் ஒரு சால்வையாகவும் கத்தரிக்கோலாகவும் வந்து நிற்காவிட்டால், நாம் பார்ப்பது வெறும் தண்ணீர். (படத்தின் முற்பகுதியில் டோக்கியோ நெடுஞ்சாலையில் ஒரு கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அதில் தத்துவம் கண்டவர்களை அறிவேன். எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.)

இது ருஷ்யாக்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் மட்டுமே வாய்த்த சூட்சுமம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1957-இல் கே.வி.ரெட்டி 'மாயா பஜார்' எடுத்தார், தெலுங்கிலும் தமிழிலும். கல்யாண வீட்டு லட்டுகள் ரங்காராவின் வாய்க்குள் பறந்து போவதையும், மார்கஸ் பார்ட்லியின் காமிராவையும் எல்லோரும் புகழ்ந்தாயிற்று. நான் சொல்ல வருவது சாவித்திரியை. கடோத்கஜன் வத்ஸலாவாக உருமாறி மணப்பெண்ணாக உட்காருகிறான். உருமாற்றம் என்னவோ ஒரு கணத் தந்திரம்தான். அதற்குப் பிறகு வருகிற நேரமெல்லாம் தந்திரம் கிடையாது, ஒரு நடிகைதான் இருக்கிறாள். ஓர் ஒல்லிப் பெண்ணின் உடம்புக்குள் ஒரு ராக்ஷசன் இடம் போதாமல் உட்கார்ந்திருக்கிறான். தோளை அசைக்கிற விதத்தில், மாப்பிள்ளையின் காலை மிதிக்கிற மிதியில், சட்டென்று ஞாபகம் வந்து நாணிக்கொள்கிறபோது, அந்த இடப் பற்றாக்குறை தெரிகிறது. மாயம் அங்கே ஒரு நெருக்கடி. கடோத்கஜனுக்கு எதையும் செய்யச் சக்தி உண்டு, ஆனால் அந்த முகூர்த்தத்தில் அவன் பெண்ணாக அடங்கியிருந்தாக வேண்டும். அதே படத்தில் ஏறி நின்றவனை உண்மை பேச வைக்கும் ஒரு பீடம் ஆரம்பத்திலேயே வருகிறது. கடைசியில் சகுனி அதில் ஏறுகிறான். மாயப் பொருளுக்கு ஒரு விதி, அந்த விதிக்கு ஒரு நாள், அந்த நாளில் மாட்டிக்கொள்ள ஒரு பொய்யன். இதைவிடக் கறாராக எந்த விஞ்ஞானப் படம் கணக்கை நேர்செய்திருக்கிறது?

வங்காளத்தில் சத்யஜித் ரே 1969-இல் 'கூப்பி காயின் பாகா பாயின்' எடுத்தார், தன் தாத்தா உபேந்திரகிஷோரின் கதையை வைத்து. பாடத் தெரியாதவன் ஒருவன், கொட்டத் தெரியாதவன் ஒருவன். இரண்டு பேரையும் ஊர் துரத்துகிறது. பேய்களின் ராஜா அவர்களுக்கு வரம் கொடுக்கிறான். வேண்டிய சாப்பாடு வரும், வேண்டிய இடத்துக்குப் போகலாம். ஆனால் ஒருவன் கையோடு மற்றவன் கை தட்டினால்தான். ஒற்றைக் கைக்கு ஒன்றும் வராது. இவ்வளவு எளிமையான நிபந்தனை, ஒரு சிநேகிதத்தின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது. இவர்கள் கடைசியில் ஒரு போரை நிறுத்துகிறார்கள். எப்படி? ஆகாயத்திலிருந்து பானை பானையாக மிட்டாய் இறங்குகிறது. பட்டினி கிடக்கிற சிப்பாய்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். குழந்தைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு கிடைக்காதவனைத்தான் போருக்கு அனுப்ப முடியும் என்ற உண்மையை இத்தனை லேசாகச் சொன்ன யதார்த்தப் படம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கையில் பணமில்லாததால் ரே அந்தப் படத்தைக் கடைசிப் பகுதி தவிர கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். நண்பர் கவனிக்க.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். மாயா பஜாருக்குப் பிறகு நம்மிடம் இந்தக் கணக்கு ஏன் தவறிற்று? பதில் எளிது, யாரும் சொல்ல விரும்பாதது. தமிழ் சினிமாவில் நாயகனே ஒரு மாயக் கதை. தனியாளாகப் பத்துப் பேரை அடித்துத் தூக்கி எறிகிறவனுக்கு இயந்திரம் எதற்கு, கால யந்திரம் எதற்கு, மந்திரம்தான் எதற்கு? அவனுக்கு ஏற்கெனவே எல்லாச் சலுகையும் இருக்கிறது. அசாத்தியத்தை அவன் தலையில் ஏற்றினால் கட்டுப்பாடாக அது ஒருநாளும் உட்காராது, இன்னொரு சலுகையாகத்தான் போய்ச் சேரும். 1963-இல் வந்த 'கலை அரசி'யைப் பாருங்கள். விஞ்ஞானத்தில் உச்சியைத் தொட்ட ஒரு கிரகம், ஆனால் அங்கே கலை இல்லை. பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திப் போகிறார்கள், தங்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க. என்ன அபாரமான கரு! பாட்டென்றால் என்னவென்றே தெரியாத காதுகள் முன்னால் ஒரு பெண் முதல் ஸ்வரத்தைப் பாடுகிறாள். அந்தக் காதுகளுக்கு என்ன ஆகும்? பானுமதி மாதிரி ஒரு பாடகி கையில் இருந்தும் படத்துக்கு இந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. எம்.ஜி.ஆர். போய் மீட்டு வரவேண்டும், அதற்கு இரட்டை வேஷம் வேண்டும். கிரகம் இன்னொரு அரண்மனையாகிவிட்டது.

'எந்திர'னைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும், அதில் என் சொந்த ஏமாற்றம் கலந்திருப்பதால். 2010-இல் வந்தபோது நான் காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். தியேட்டரில் பேப்பர் கிழித்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஷங்கர் அதில் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார். நாயகனின் சாகசம் அத்தனையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அதைச் செய்த விஞ்ஞானியை அடிதடி தெரியாத சாதாரணனாக ஆக்கியிருந்தார். நட்சத்திரம் என்பதே ஒரு யந்திரம் என்று படம் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. அப்புறம் அந்தத் தீவிபத்து. அடுக்குமாடி எரிகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இந்த நிலையில் வரமாட்டேன் என்று கெஞ்சுகிறாள். அதற்கு விளங்கவில்லை. உயிர் இருக்கிறது, நெருப்பு வருகிறது, தூக்க வேண்டும். கூட்டத்தின் முன்னால், டெலிவிஷன் காமிராக்களின் முன்னால், உடம்பில் துணியில்லாமல் அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. உயிரென்றால் என்னவென்று யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கலாம், மானத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மானத்துக்காக ஒரு பெண் சாகிறாள் என்றால் அந்த மானத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? யந்திரம் குற்றவாளியா, வேடிக்கை பார்த்த கூட்டமா? தமிழில் ஒரு விஞ்ஞானப் படம் முதல்தடவையாக, தமிழ்நாட்டில் மட்டுமே வலிக்கக்கூடிய ஓர் இடத்தில் கை வைத்தது.

வைத்த கையை எடுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் சாவு, இயந்திரத்துக்கு உணர்ச்சி வேண்டும் என்ற அடுத்த கட்டத்துக்கு ஒரு படிக்கல்லாகப் போயிற்று. உணர்ச்சி வந்ததும் காதல், காதல் வந்ததும் பொறாமை, அப்புறம் ஒரு சிவப்புச் சில்லு. சில்லைச் செருகினால் கெட்டவன், எடுத்தால் நல்லவன். மனுஷனுக்கு உள்ள மிகப் பெரிய கேள்வியை ஸ்விட்ச் போட்டு அணைத்தாயிற்று. கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகின்றன, பாம்பாகின்றன, பூதமாகின்றன. எல்லாம் முடியும் என்றான பிறகு எதுவும் ஒரு பொருட்டில்லை. நண்பர் சொல்கிற பணம் முழுவதும் அந்த உருண்டையில்தான் இருக்கிறது. படம் உயிரோடு இருந்தது குளியலறைக் காட்சியில். ஒரு நேர்மைக்காகச் சொல்கிறேன்: கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்வதும், பிற்பாடு மியூஸியத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் கேள்விக்கு, தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் குற்றம் என்று பதில் சொல்வதும் நல்ல இடங்கள். கழற்றுவதற்குச் செலவில்லை.

பணக் கட்சியைத் திட்டியாயிற்று. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் நாம், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள். மாயமென்றாலே குழந்தை விஷயம், தப்பித்தல், வியாபாரம் என்று ஒதுக்குகிறவர்கள். இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே அப்படி ஒரு கட்டுரை எழுதினேன். யதார்த்தமே கலையின் நேர்மை என்றெல்லாம் அதில் அடித்துப் பேசியிருந்தேன். இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. எழுதும்போது புதுமைப்பித்தன் எனக்கு எப்படி மறந்துபோனார்? 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார், ஹோட்டலில் காபி சாப்பிடுகிறார், பிள்ளைவாளுடைய பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், நடனம் ஆடிக்காட்டி சான்ஸ் கிடைக்காமல் திரும்புகிறார். ஒரு சலுகை உண்டா அவருக்கு? மாயா பஜாரின் பீடத்துக்கு இருக்கிற அதே விதிதான் இங்கே பிராட்வேயிலும். பணக் கட்சியும் யதார்த்தக் கட்சியும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. மாயமென்பது காட்சி என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள். ஒருவருக்கு அது வேண்டும், மற்றவருக்கு வேண்டாம்.

'நம் வாழ்க்கையில் விஞ்ஞானக் கதைக்கு இடமேது' என்று டீக்கடையில் கடைசியாகக் கேட்டார் நண்பர். நான் பதில் சொல்லவில்லை, பஸ் வந்துவிட்டது. இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது.

எங்கள் கவுண்டரில் விரல்ரேகை பார்க்கிற சின்ன யந்திரம் ஒன்று இருக்கிறது. விரலை வைத்தால் நீங்கள் நீங்கள்தானா என்று அது சொல்லும். போன கார்த்திகையில் ஒரு பாட்டி மாதப் பணம் எடுக்க வந்தார். செங்கல் சூளையில் நாற்பது வருஷம் வேலை செய்தவர். வலது கட்டைவிரலை வைத்தார், பொருந்தவில்லை என்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். பொருந்தவில்லை. "நான்தான் தம்பி, போன மாசமும் நான்தானே வந்தேன்" என்றார். எனக்கு அவரைத் தெரியும். வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும். அவர் பெயர், ஊர், புருஷன் பெயர் எல்லாம் தெரியும். எங்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆவதற்கில்லை, யந்திரத்துக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே வந்தார். செங்கல் தேய்த்துவிட்ட விரல்கள். இடது கை மோதிர விரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது.

அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இது மட்டுந்தான் நானு" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.